தங்கராசு பார்த்துக்கொண்டிருக்கிறது

நறுமுகை பல் துலக்குவதற்கு முன்பே வாசற்கதவுக்குப் போய் ஊதினாள். மிதவைநகரில் எல்லோரும் அப்படித்தான். காப்பி அப்புறம், சாமி படம் அப்புறம், முதலில் கதவு. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊதுகுழாயில் ஒரு முழு மூச்சை விட்டால், கதவு கொஞ்சம் யோசித்துவிட்டு, நம் தொண்டையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லும்.

“தொண்டையில் கெட்டியன் இரண்டு வகை. மூக்கில் ஒரு வகை. சில்லறைக் கிருமிகள் ஏராளம்,” என்றது கதவு. “இன்றைக்கு மூன்றாம் தரம். கடைக்குப் போகலாம், படகில் ஏறலாம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கிடையாது.”

“நேத்தும் மூணு, இன்னைக்கும் மூணா? நல்லாப் பாரு, எங்கயாவது அடைச்சிருக்கும்,” என்று நறுமுகை குழாயை நைட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊதினாள்.

“மூன்றாம் தரம்,” என்றது கதவு. அதற்குக் கோபம் வராது. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

தூத்துக்குடிக் கரையிலிருந்து பார்த்தால் மிதவைநகர் கடல்மேல் விரித்துப்போட்ட பாய் மாதிரி தெரியும். பகலெல்லாம் வெயிலைப் பிடித்து மின்கலங்களில் அடைத்து, கரையில் இருக்கிறவர்களுக்கு அனுப்பி வைப்பது அந்த ஊரின் தொழில். நறுமுகையின் கணவன் கபிலன் மின்கலக் கிடங்கில் காவல் மேஸ்திரி. சென்ற வாரம் ஒரு கலம் வெடித்து, அது பக்கத்துக் கலத்தைப் பற்றி, கிடங்கே எரிந்தபோது அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். மார்பும் இரண்டு கைகளும் வெந்துபோயின.

தோலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தில் தோல் என்பது தையற்கடைச் சமாசாரம்; கபிலனின் தொடையிலிருந்து நகக்கண் அளவு எடுத்து, தொட்டியில் வளர்த்து, நாலே நாளில் ஒரு சட்டைக்கு ஆகிறாற்போல் கொண்டுவந்து போர்த்திவிட்டார்கள். கவலை நுரையீரலுக்குத்தான். புகையை விழுங்கியதில் தொண்டை வீங்கி, மூச்சுக்குழாய்க்குள் குழல் இறக்கி, மூச்சுப்பொறிதான் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழல் வழியாகக் கெட்டியன் உள்ளே இறங்கிவிட்டான்.

கெட்டியன் என்பது ஜனங்கள் வைத்த பெயர். எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகளுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரே பெயர்தான். நல்ல உடம்புக்காரர்களின் தொண்டையில் அவன் சும்மா குடித்தனம் நடத்துவான், வாடகைகூடக் கேட்க மாட்டான். வெந்துபோய்ப் படுத்திருப்பவனின் நுரையீரல் கிடைத்தால் மட்டும் விசுவரூபம் எடுப்பான். அதனால்தான் தீப்புண் கூடத்துக்குள் மனித வாடையே கூடாதென்று சட்டம் போட்டிருந்தார்கள். டாக்டர்கூடக் கண்ணாடிக்கு வெளியேதான். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடி மாடத்தில் நிற்கலாம், அதற்கும் குறைந்தது இரண்டாம் தரம் வேண்டும்.

நறுமுகை சமையலறை அலமாரியிலிருந்து நீல நிறத் தகர டப்பாவை எடுத்தாள். பிஸ்கட் படம் போட்ட டப்பா. அதற்குள் பிஸ்கட் இருந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஊசி, நூல், சட்டைப் பொத்தான், அதற்குக் கீழே பாதி பாதியாகத் தின்று மிச்சம் வைத்த மாத்திரை அட்டைகள். கபிலனின் பல்வலிக்கு வாங்கியது, அவளுடைய காது வலிக்கு வாங்கியது, யாருக்கு எதற்கு என்று மறந்துபோனது. அதில் இரண்டு கிருமிக்கொல்லியைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அந்த மாத்திரைகள் நோயைத் தீர்ப்பதை விட்டு இரண்டு தலைமுறை ஆயிற்று. ஆனாலும் விற்பனை குறையவில்லை, ஏனென்றால் கதவுகள் வந்துவிட்டன. இரண்டு போட்டால் தொண்டையில் உள்ள சில்லறைக் கிருமிகள் செத்துப்போகும். கதவுக்குக் கணக்குக் குறையும். மறுநாள் ஒரு தரம் ஏறலாம். கெட்டியன்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும், அக்கம்பக்கம் காலியானதில் இன்னும் வசதியாகக் காலை நீட்டிக்கொள்வார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கல்யாண வீட்டுக்குப் போக வேண்டாமா?

அவள் கைத்திரையைத் திறந்து, “தங்கராசு,” என்று கூப்பிட்டாள்.

“சொல்லுங்கக்கா.”

“அவிய முகத்தக் கொஞ்சம் காட்டு.”

திரையில் கபிலனின் முகம் வந்தது. தங்கராசுவின் கண் வழியாகத் தெரிகிற முகம். கண்கள் மூடி, வாயில் குழல், நெற்றியில் வேர்வை. தங்கராசுவின் ரப்பர் விரல் ஒன்று வந்து வேர்வையை ஒற்றி எடுத்தது.

“கண்ணத் தொறந்தாவளா?”

“இல்லக்கா. காய்ச்சல் கூடித்தான் இருக்கு. சளி பச்சையா வருது. மூணு தடவ உறிஞ்சி எடுத்துட்டேன். நீங்க சாப்பிட்டியளா?”

“ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்,” என்று சொல்லிவிட்டு நறுமுகை அழுதாள்.

தங்கராசு அவர்கள் வீட்டு இயந்திரம். ஆஸ்பத்திரிக்குள் மனிதர்களை விடுவதில்லை என்று சட்டம் வந்தபோதும், நோயாளிக்கு வீட்டிலிருந்து ஒரு அட்டெண்டர் வர வேண்டும் என்ற பழைய வழக்கத்தை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. அட்டெண்டர் இல்லையென்றால் அட்மிஷன் இல்லை. சளி உறிஞ்ச, புரட்டிப் போட, ஜன்னலில் மருந்து வாங்கிவந்து கொடுக்க ஆள் வேண்டுமே! மருந்து கொடுத்தது சரியில்லை என்று யாரோ எப்போதோ வழக்குப் போட்டதிலிருந்து, மருந்துக் குப்பியைத் தொடும் பொறுப்பையே ஆஸ்பத்திரி அட்டெண்டர் தலையில் கட்டிவிட்டது. ஆகவே எல்லோரும் வீட்டு இயந்திரத்தை அனுப்பினார்கள். தீப்புண் கூடத்தில் நாற்பது படுக்கை, நாற்பது வீட்டு இயந்திரம். ஒன்று நோயாளிக்கு விசிறிக்கொண்டே இருக்கும். ஒன்று பிளக் பாயிண்டுக்காகப் பக்கத்துப் படுக்கையோடு சண்டை போடும். ஒன்று போகிற வருகிற இயந்திரத்திடமெல்லாம், ‘உங்க ஆளுக்கு எத்தனை விழுக்காடு?’ என்று தீக்காயக் கணக்குக் கேட்கும்.

அவை அப்படித்தான் வளர்க்கப்பட்டவை. வீட்டு இயந்திரங்களை விற்ற கம்பெனியின் விளம்பர வாசகமே, ‘சொல்லித் தர வேண்டாம், பார்த்துக் கற்கும்’ என்பதுதான். வந்து ஒரு வருஷம் அது மூலையில் நின்று வீட்டைப் பார்க்கும். பார்த்தது அதன் சுபாவமாகிவிடும். தங்கராசு பார்த்த வீடு சிக்கனமான வீடு. தேய்ந்த சோப்பை அது புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கும். பற்பசைக் குழாயை நறுக்கித் திறந்து வழிக்கும். பார்சலில் வந்த ரப்பர் பேண்டுகளைத் தன் மணிக்கட்டிலேயே வளையலாகப் போட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுக்காது, இரண்டு அச்சுமுறுக்காவது போட்டுத்தான் கொடுக்கும். அக்கம்பக்கத்தார், “வாய்ச்சாலும் வாய்ச்சுது உங்களுக்கு” என்று பெருமூச்சு விடுவார்கள். நறுமுகைக்கு அதில் ரொம்பப் பெருமை.

மறுநாள் கதவு இரண்டாம் தரம் கொடுத்தது. கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்கு அவள் கிடைத்த படகில் தாவி ஏறினாள்.

கண்ணாடி மாடத்தில் டாக்டர் ரெஹானா நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர், நறுமுகையை ஒத்த வயது. சரியாகத் தூங்கிப் பல நாளானது முகத்தில் தெரிந்தது.

“நல்ல சேதிதான் நறுமுகை,” என்றார். “அவரோட சளியிலிருந்து கிருமியை எடுத்துப் பின்னல்பொறிக்குக் குடுத்திருந்தோம்ல? மருந்து பின்னி முடிச்சிருச்சு. இந்தக் கிருமிக்குன்னே, இவருக்குன்னே பின்னினது. வேற யாருக்கும் ஆகாது. பத்துக் குப்பி. தினம் ஒண்ணு, மூச்சுக்குழல்ல ஆவியாப் போகணும்.”

“பொழச்சுக்கிடுவாவல்லா டாக்டர்?”

“பத்தும் போனா பொழச்சுக்குவார். நடுவுல நிறுத்தினா, செத்தது போக மிச்சம் இருக்கிற கிருமி இந்த மருந்தைப் படிச்சுக்கும். அப்புறம் இதுவும் தண்ணிதான். காய்ச்சல் விட்டாலும் பத்தும் போகணும். புரியுதா?”

“எங்க தங்கராசு ஒரு சொட்டு வீணாக்காது டாக்டர்,” என்றாள் நறுமுகை.

கண்ணாடிக்கு அப்பால் தங்கராசு ஜன்னலில் குப்பிகளை வாங்கி, வயிற்றுப் பெட்டியைத் திறந்து அடுக்கியது. முதல் குப்பியை உடைத்து மூச்சுப்பொறியில் பொருத்தியது. கடைசித் துளி இறங்கும்வரை குப்பியைத் தட்டித் தட்டிவிட்டது. நறுமுகை கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தாள். சொந்தப் பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது குப்பிக்குக் காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாள் கபிலன் கண்ணைத் திறந்தான். பேச முடியாது, குழல் இருந்தது. திரையில் அவளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினான். அவள் சாம்பார் கரண்டியோடு அடுக்குமாடி முழுக்க ஓடி எல்லோருக்கும் சொன்னாள். தங்கராசு, “சளி வெள்ளையாயிட்டுக்கா, சுகமாயிட்டாவ,” என்று தினமும் சொன்னது. குழலைச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று டாக்டர்கூடச் சொன்னார்.

ஆனால் அவளுக்கு எதிலும் மனசு தரிக்கவில்லை. துணியை மடித்து மறுபடி பிரித்தாள். கரைக்குப் போகும் படகுகளை எண்ணினாள். ஏன் இப்படிப் படபடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எட்டாம் நாள் அந்தப் படபடப்புக்குக் காரணம் கிடைத்தது. கபிலனுக்குக் காய்ச்சல் மறுபடி ஏறியது. மாலைக்குள் சளி பச்சையானது. கண்கள் மூடிக்கொண்டன. அதோடு, பக்கத்துப் படுக்கையில் மீன் ஆலையில் வெந்து படுத்திருந்த பெரியவருக்கும் அதேபோலக் காய்ச்சல்.

டாக்டர் ரெஹானா கிருமியைச் சோதித்துவிட்டு நறுமுகையை மாடத்துக்கு அழைத்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

“பின்னின மருந்தைக் கிருமி படிச்சிருச்சு,” என்றார். ஒலிபெருக்கியை அழுத்தி, “தங்கராசு, மருந்து எத்தனை குப்பி குடுத்தே?” என்று கேட்டார்.

“மூணு,” என்றது தங்கராசு, கொஞ்சமும் தயங்காமல்.

“மூணா!”

“மூணுலயே சுகமாயிட்டாவளே. காய்ச்சல் விட்ட பிறகு எதுக்கு உடம்புக்கு வெசம்? மிச்சத்தப் பத்திரமா வச்சிருக்கேன், பின்னால யாருக்காவது ஆகும்.” அது வயிற்றுப் பெட்டியைத் திறந்து காட்டியது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய குப்பிகள் வரிசையாக இருந்தன.

“அஞ்சுதான் இருக்கு. மிச்சம் ரெண்டு எங்கே?”

“பக்கத்துப் படுக்கைக்குக் குடுத்தேன். அந்த வீட்டுச் செல்லக்கிளி வந்து, ‘எங்க ஐயாவுக்கும் இதே காய்ச்சல்தான், உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சே, ரெண்டு குடு’ன்னு கேட்டுச்சு. கேட்டா நம்ம வீட்டுல இல்லன்னு சொல்லுவமா?”

“பத்தும் குடுக்கணும்னு உன் முன்னாலதானே சொன்னேன்?” என்று டாக்டர் கண்ணாடியைத் தட்டினார்.

“சொன்னிய,” என்றது தங்கராசு மரியாதையாக. “டாக்டர்மார் அப்படித்தான் சொல்லுவாவ. நாம வீட்டுக்கு வந்து நமக்கு ஏத்தமாதிரிச் செய்துக்கிடணும். அக்காவுக்குக் காது வலிக்கும்போது, அண்ணனுக்குப் பல் வலிக்கும்போதெல்லாம் நான் பாத்தேனே.”

நறுமுகை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மிதவைநகரில் என்றால் அதற்கும் வழி கிடையாது, கீழே வெறும் கடல்; இங்கே தரை இருந்தும் பிளக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஜெபராஜ் என்ற ஆள் வந்து, தங்கராசுவைக் கூடத்துக்கு வெளியே வரவழைத்து, முதுகைத் திறந்து சோதித்தான். முடித்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினான்.

“பழுது ஒண்ணும் இல்ல டாக்டர். ரொம்ப நல்லாப் பழகியிருக்கு. எங்க கண்காட்சியிலேயே வைக்கலாம்.”

“அப்ப இதை மாத்திட்டு வேற வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவாங்க,” என்றார் ரெஹானா.

“எந்த வீட்டுதக் கொண்டுவந்தாலும் இதே கததான். வந்த கையோட இங்க உள்ள நாப்பதோட பதிவையும் பாத்துட்டேன். நாலு நாளுக்கு மேல மருந்து குடுத்தது ஒண்ணுகூடக் கெடயாது. புதுசு வேணும்னா பழகவே ஒரு வருஷம் ஆகும். பழகாதது சளி உறிஞ்சத் தெரியாம நெஞ்சக் கிழிச்சிரும்.”

“சொல்லித் திருத்த முடியாதா?”

“சொல்லுறதக் கேக்காதுல்லா டாக்டர், செய்யுறதத்தான் பாக்கும்.” ஜெபராஜ் நறுமுகையின் பக்கம் திரும்பினான். “பழைய பழக்கத்த அழிக்க முடியாதும்மா. ஆனா அதுக்கு மேல புதுசா ஒண்ணப் பதியவைக்கலாம். ஒரே ஒரு தடவ அது கண்ணால பாத்தாப் போதும். வீட்டுல ஒருத்தர் மருந்த ஆரம்பிக்கணும். சுகமான பிறகும் விடக்கூடாது. கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்கணும்.”

“அவ்வளவுதானே?” என்றாள் நறுமுகை.

“அவ்வளவுதான்,” என்றான் ஜெபராஜ். அவன் வீட்டிலும் ஒரு தகர டப்பா இருந்தது. அதனால் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

டாக்டர் ரெஹானா அவளைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய்ச் சொன்னார். பின்னல்பொறியில் மறுபடி மருந்து பின்னப் போட்டாயிற்று. ஐந்து நாள் ஆகும். அதுவரை கபிலன் தாங்குவான். ஆனால் இந்தக் கிருமியைக் கொல்ல இனி ஒரே ஒரு பின்னல்தான் மிச்சம். அதையும் அது படித்துக்கொண்டால் பின்னுவதற்கு ஒன்றும் இல்லை. “இந்தத் தடவை பத்தும் போயே ஆகணும் நறுமுகை,” என்று சொல்லி, கரகரத்துக்கொண்டிருந்த அவள் தொண்டைக்கு, கெட்டியனுக்கென்றே ஏற்கெனவே பின்னிவைத்திருந்த ஐந்து நாள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தங்கராசுவின் வயிற்றுப் பெட்டியையும் கழற்றி எடுத்துவிடச் சொன்னார். பதுக்க இடமிருந்தால்தானே பதுக்கும்!

பக்கத்துப் படுக்கை இயந்திரமான செல்லக்கிளி இரண்டு படுக்கைகளையும் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டது. தங்கராசு வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் தன் பழைய மூலையில் நின்றது. வயிறு இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை.

நறுமுகை ஐந்து நாளும் விரதக்காரி மாதிரி இருந்தாள். காலை ஒன்று, மாலை ஒன்று. மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “பாத்தியா?” என்பாள்.

“பாத்தேன்க்கா.”

“முழுங்கிட்டேன், பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக்கூடக் காட்டினாள். வாய் கசந்தது, வயிறு புரட்டியது, சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் கைத்திரையை எடுத்து, செல்லக்கிளியைக் கூப்பிட்டுக் கபிலனின் முகத்தைக் காட்டச் சொன்னாள். முகம் ஒவ்வொரு நாளும் ஒட்டிக்கொண்டே போனது. மூச்சுப்பொறியின் விசையைக் கூட்டியிருந்தார்கள். அவள் நடந்தாள். வாசலுக்கும் சன்னலுக்குமாக, சன்னலுக்கும் அடுப்படிக்குமாக. மூன்றாம் நாளே தொண்டைக் கரகரப்பு போய்விட்டது. ‘இனி எதுக்கு’ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவள் அந்தக் குரலை அதட்டி உட்காரவைத்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள். தங்கராசு பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை கதவில் ஊதினாள்.

“தொண்டையில் ஒன்றுமில்லை. மூக்கில் ஒன்றுமில்லை,” என்ற கதவு, தன்னையே நம்பாததுபோல் சற்று நிறுத்தியது. “முதல் தரம்.”

நறுமுகை கதவையே கட்டிப்பிடித்தாள். முதல் தரம்! அந்த அடுக்கில் எவருக்கும் அது வந்ததில்லை. முதல் தரம் என்றால் உள்மாடம். படுக்கையை ஒட்டிய கண்ணாடி. கபிலனின் தலைமாட்டிலேயே நிற்கலாம். அதே நேரத்தில் கைத்திரை கூவியது. டாக்டர் ரெஹானா.

“நறுமுகை, மருந்து ரெடி. அவருக்கு மூச்சு ரொம்பத் திணறுது. தங்கராசுவைக் கூட்டிட்டு இந்தப் படகுலயே வந்துருங்க. மாத்திரை முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான் டாக்டர், இந்தா கெளம்பிட்டேன்!”

படகுத்துறையில் முதல் சங்கு ஊதியது. அவள் சேலையைச் சுற்றினாள், தலையை அள்ளிமுடித்தாள். நேற்றைய சோற்றைத் தயிர் விட்டுப் பிசைந்து ஒரு டப்பாவில் அடைத்தாள். ஊறுகாய் வைத்தாள். எங்கே கைத்திரை, எங்கே செருப்பு, எங்கே சாவி என்று தேடினாள். அடுப்பு மேடையில் அந்த மாத்திரை அட்டை கிடந்தது. அதில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரண்டு மிச்சம் இருந்தன. அவள் மனம் அதற்குள் கடலைத் தாண்டிக் கபிலனின் தலைமாட்டுக்குப் போய்விட்டிருந்தது. கை மட்டும் வீட்டில் இருந்தது, தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அட்டையை எடுத்து, ஓரத்தில் காலியான பகுதியைக் கத்தரித்துவிட்டு, நீல டப்பாவைத் திறந்து, ஊசி நூலுக்குக் கீழே வைத்து மூடியது. மூடி ‘டக்’கென்று விழுந்தது.

இரண்டாம் சங்கு ஊதியது. “வா வா வா,” என்று நறுமுகை வாசலுக்கு ஓடினாள். சமையலறை வாசலில் நின்ற தங்கராசு டப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் பின்னாலேயே வந்தது.

படகில் இடம் கிடைத்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

“தங்கராசு, இந்தத் தடவ பத்தும் குடுக்கணும், என்ன? அவியளுக்குச் சுகமான மாதிரி இருந்தாலும் விடக்கூடாது. கத்துக்கிட்டியா?”

“கத்துக்கிட்டேன்க்கா,” என்றது தங்கராசு. “கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய இத்தனை நாள் படபடப்பும் அடங்கியது. படகின் கம்பியில் தலையைச் சாய்த்தாள். கரை வரும்வரை அசந்து தூங்கினாள்.

உள்மாடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் கபிலன் கிடந்தான். நறுமுகை உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். கிருமிநீக்கும் கூண்டில் குளித்துவிட்டு வந்த தங்கராசு, ஜன்னலில் பத்துக் குப்பிகளையும் வாங்கிக்கொண்டது. வயிற்றுப் பெட்டி இல்லாததால் அவற்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றது. டாக்டர் ரெஹானா வேறு ஒரு படுக்கைக்கு அவசரமாக ஓடியிருந்தார். தங்கராசு கண்ணாடி அருகே வந்தது.

“யக்கா, மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்குமா?”

“அய்யோ, ஆமா, எதுல வப்ப நீ!” என்று நறுமுகை பதறினாள். குப்பி கைதவறி உடைந்தால் என்ன ஆவது! பையில் இருந்த தயிர்ச்சோற்று டப்பாவை எடுத்தாள். ஒரு வாய்கூட உண்ணாத சோற்றை அங்கேயிருந்த தொட்டியில் கொட்டினாள். டப்பாவைக் குழாயில் மூன்று முறை கழுவி, முந்தானையால் துடைத்து, கூண்டின் வழியாக உள்ளே தள்ளினாள். தங்கராசு ஒரு குப்பியை எடுத்து மூச்சுப்பொறியில் பொருத்திவிட்டு, மற்றதையெல்லாம் டப்பாவில் பொறுமையாக அடுக்கியது. மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றியது.

இதைவிடப் பொறுப்பான பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று நறுமுகைக்குக் கண் நிறைந்தது.

“மூடிய நல்லா இறுக்கிப் போடு தங்கராசு,” என்றாள்.